வேலையை விடாமல் தடயவியல் கணக்கியல்: குறுகிய பட்டமேற்படிப்பைத் தேர்ந்தெடுத்து முடிக்க ஒரு முழு வழிகாட்டி

கணக்கு, ஆடிட், வங்கி, வரி, இன்சூரன்ஸ் க்ளெய்ம் என்று ஏதாவது ஒரு பக்கம் சில வருடம் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் தடயவியல் கணக்கியல் மேல், அதாவது மோசடிக்கும் வழக்குக்கும் கணக்குகளைத் துருவி ஆதாரமாக எழுதிக்கொடுக்கும் வேலை மேல், கண் போகும். சிக்கல் என்னவென்றால், முழுநேர முதுகலைக்காக வேலையை விட முடியாது. சரி என்று இரண்டு வார இறுதியில் வீடியோ பார்த்து முடிக்கிற கோர்ஸை ரெஸ்யூமேயில் போட்டால், இந்தத் துறையில் இருப்பவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் கிராஜுவேட் சர்டிஃபிகேட் எனப்படும் குறுகிய பட்டமேற்படிப்பு. பெரும்பாலும் 4 முதல் 6 பாடங்கள், 12 முதல் 18 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு), வேலை பார்த்துக்கொண்டே படித்தால் ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை. பல இடங்களில் முதுகலை மாணவர்கள் உட்காரும் அதே வகுப்பு, அதே தேர்வு. பாடங்களின் எண்ணிக்கைதான் குறைவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிடிக்காவிட்டால் மேலே படிக்க வேண்டாம். ஒரு கோர்ஸ் எத்தனை மோசடிக் கதைகள் சொல்லித்தருகிறது என்பது எனக்கு முக்கியமே இல்லை. உங்களை எத்தனை அறிக்கை எழுதவைக்கிறது, அந்த அறிக்கையை யார் திருத்தித்தருகிறார்கள், அதற்காக உங்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறார்களா, இதை வைத்துத்தான் மதிப்பு போடுவேன். சந்தேகத்துக்குரிய பதிவைக் கண்டுபிடிப்பதில் நல்ல ஆடிட்டர் ஏற்கெனவே கெட்டிக்காரர். கண்டுபிடித்ததை எதிர்த்தரப்பு வக்கீல் அரைமணி நேரத்தில் கிழித்துப்போட முடியாதபடி எழுதிவைப்பது வேறு வித்தை. காசு கொடுத்துக் கற்க வேண்டியது அதைத்தான்.

முதல் படி: எந்த நாற்காலி என்று முடிவு செய்யுங்கள்

தடயவியல் கணக்கியல் என்பது ஒரே வேலை இல்லை. நிறுவனத்துக்குள்ளேயே இருந்து ஊழியர் மோசடிகளை விசாரிப்பவர் ஒரு ரகம். வங்கியில் குற்றப் பணம் வெள்ளையாக்கப்படுவதைத் தடுக்கும் பிரிவில் பரிவர்த்தனைகளைப் பார்ப்பவர் இன்னொரு ரகம். வழக்குகளில் நஷ்டஈடு எவ்வளவு, கூட்டுத்தொழில் பிரியும்போது யார் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போடுபவர் மோசடிக்காரர் ஒருவரைக்கூடப் பார்க்காமலே ஓய்வு பெறலாம். வரித் துறை, அமலாக்கப் பிரிவுகளில் இருப்பவர்களுக்கு மறைத்த வருமானத்தைச் சுற்றுவழியில் நிரூபிக்கத் தெரிய வேண்டும். வருடத் தொடக்கத்தில் ஒருவரின் நிகரச் சொத்து எவ்வளவு, முடிவில் எவ்வளவு, நடுவில் வீட்டுச் செலவு எவ்வளவு, கணக்கில் காட்டிய வருமானம் எவ்வளவு, மிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிற முறை அது. 1931-ல் சிகாகோ கும்பல் தலைவன் அல் கபோனைக் கொலைக்கோ கள்ளச்சாராயத்துக்கோ தண்டிக்கவில்லை, வரி ஏய்ப்புக்குத்தான் தண்டித்தார்கள் என்பது இந்தத் துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இதை ஏன் முதலில் முடிவு செய்யச் சொல்கிறேன் என்றால், நான்கே நான்கு பாடம் இருக்கிற கோர்ஸில் ஒரு பாடம் தவறினாலும் கால்பங்கு போச்சு. உள்விசாரணைக்குப் போகிறவருக்கு விசாரணை, தரவுப் பகுப்பாய்வு, நேர்காணல் முக்கியம். வழக்குப் பக்கம் போகிறவருக்கு மதிப்பீடு, நஷ்டஈட்டுக் கணக்கு, நிபுணர் சாட்சியம். வங்கிக்காரருக்குப் பணம் மூன்று கட்டமாக எப்படி வெளுக்கப்படுகிறது, அதாவது உள்ளே நுழைப்பது, அடுக்கடுக்காகச் சுற்றவிடுவது, கடைசியில் நல்ல பணமாக வெளியே எடுப்பது, இதில் ஆழமான பாடம் வேண்டும்.

அடிப்படை போதுமா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள்

பல கோர்ஸ்கள் இடைநிலை நிதிக் கணக்கியலும் ஒரு ஆடிட் பாடமும் முடித்திருக்கச் சொல்லும். போலீஸ், வக்கீல், ஐ.டி. பின்னணியில் இருந்து வருபவர்களுக்குச் சில இடங்களில் இணைப்புப் பாடம் வைத்திருப்பார்கள். அது இல்லாமல் நேரே சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்கிற இடத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

ஒரு சின்ன சோதனை. 2002-ல் வெளியே வந்த, வேர்ல்ட்காம் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் விவகாரத்தில், மற்ற தொலைபேசி நிறுவனங்களின் லைன்களைப் பயன்படுத்தக் கொடுத்த கட்டணத்தைச் செலவாகக் காட்டாமல் சொத்தாக ஏற்றிவிட்டார்கள். முதலில் வெளியான தொகையே சுமார் 3.8 பில்லியன் டாலர். சிந்தியா கூப்பர் தலைமையில் இருந்த உள்தணிக்கைக் குழுதான் அதைத் தோண்டி எடுத்தது. இப்போது ஒரு தாளை எடுத்து, இந்த ஒரே மாற்றத்தால் லாபநட்டக் கணக்கில் என்ன ஆகும், இருப்புநிலைக் குறிப்பில் என்ன ஆகும், ரொக்க ஓட்ட அறிக்கையில் அந்தப் பணம் எந்தத் தலைப்பிலிருந்து எந்தத் தலைப்புக்குத் தாவும் என்று எழுதுங்கள். புத்தகம் பார்க்காமல் வந்துவிட்டால் தைரியமாகச் சேரலாம். மூன்றாவது கேள்வியில் தடுமாறினால் இரண்டு மாதம் நிதி அறிக்கைகளைத் திரும்பப் படித்துவிட்டுச் சேருங்கள், பணம் மிச்சம்.

சிலபஸை எப்படிப் படிப்பது

கோர்ஸின் விளம்பரப் பக்கத்தை விட்டுவிடுங்கள். கடந்த பருவத்தின் வாரவாரியான சிலபஸையும் மதிப்பெண் பிரிப்பையும் கேளுங்கள்; தர மறுத்தால் அதுவே ஒரு பதில். 2007-ல் அமெரிக்க நீதித் துறையின் ஆய்வுப் பிரிவு நிதி கொடுத்து, மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் மோசடி மற்றும் தடயவியல் கணக்கியல் கல்விக்கு ஒரு மாதிரிப் பாடத்திட்ட வழிகாட்டி தயாரித்தது. அப்போதிருந்து பார்த்தால் நல்ல கோர்ஸ்களின் எலும்புக்கூடு பெரிதாக மாறவில்லை: மோசடி வகைகள், சட்டமும் சாட்சியமும், நேர்காணல், தரவு, டிஜிட்டல் ஆதாரம், அறிக்கையும் நீதிமன்றச் சாட்சியமும்.

கோட்பாட்டுப் பகுதி எவ்வளவு நீள்கிறது என்று பாருங்கள். டொனால்ட் கிரெஸ்ஸி 1953-ல் சொன்ன விஷயங்களிலிருந்து வந்த மோசடி முக்கோணம், அதாவது நெருக்கடி, வாய்ப்பு, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் நியாயம், இதைத் தெரிந்துகொள்ள ஒரு மாலை போதும். அதற்கு மூன்று வாரம் ஒதுக்கியிருந்தால் ஆசிரியர் நேரத்தை ஓட்டுகிறார் என்று அர்த்தம். பிரபலமான மோசடிகளைக் கதை கதையாகச் சொல்லும் வகுப்புகளும் அப்படித்தான். கேட்கச் சுவாரசியமாக இருக்கும், திங்கட்கிழமை ஆபீஸில் உதவாது.

தரவுப் பாடத்தின் தரத்தை அறிய பென்ஃபோர்டு விதியை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தாலே போதும். இயல்பாக உருவாகும் பல எண்தொகுப்புகளில் முதல் இலக்கம் 1 ஆக இருப்பது 30.1 சதவீதம், 9 ஆக இருப்பது வெறும் 4.6 சதவீதம்தான் என்பது அந்த விதி. சைமன் நியூகோம்ப் 1881-லேயே கவனித்தது, ஃபிராங்க் பென்ஃபோர்டு 1938-ல் விரிவாக எழுதினார். சுமாரான கோர்ஸ் இதை ஒரு மந்திரம் மாதிரி நடத்தும்: எக்ஸெல்லில் வரைபடம் போடு, கோடு விலகினால் மோசடி. நல்ல கோர்ஸ் எங்கே இது பயன்படாது என்பதில் பாதி நேரம் செலவழிக்கும். எல்லோருக்கும் ஒரே மாதச் சந்தா இருந்தால் பயன்படாது. பில் எண், போன் எண் மாதிரி ஒதுக்கப்பட்ட எண்களுக்குப் பயன்படாது. குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று வரம்பு கட்டிய தொகைகளுக்குப் பயன்படாது. விலகல் வந்தால் அங்கே போய்ப் பார் என்று மட்டும்தான் அர்த்தம். சாட்சிக் கூண்டில் நின்று "பென்ஃபோர்டு சொல்லிவிட்டது" என்று சொன்னால் உங்கள் கதை அன்றோடு முடிந்தது.

சேர்க்கை அலுவலகத்திடம் கேட்க வேண்டியவை

இந்தக் கிரெடிட்களை அதே பல்கலைக்கழகத்தின் முதுகலைக்குள் பிறகு எடுத்துப்போக முடியுமா, எத்தனை வருடத்துக்குள்? பாடம் நடத்துபவர்களில் எத்தனை பேர் உண்மையான வழக்கில் அறிக்கை கொடுத்தவர்கள்? வகுப்பு நேரலையா, பதிவு செய்ததா, நேரலை என்றால் எந்த நாட்டு நேரம்? மென்பொருள் உரிமம் கட்டணத்திலேயே அடங்குமா? ஒரு பருவம் வேலைப் பளுவால் நிறுத்திவைத்தால் இடம் போய்விடுமா? எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். சட்டப் பாடம் எந்த நாட்டுச் சட்டத்தை வைத்து நடக்கிறது என்பதையும் கேட்டுவிடுங்கள். சாட்சியச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆன்லைனில் படிப்பவர்கள் இந்த ஒன்றைக் கவனிக்காமல் பிறகு உள்ளூர்ச் சட்டத்தைத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டிவரும்.

நேரக் கணக்கு

கல்லூரிகள் பொதுவாக வைத்திருக்கும் கணக்குப்படி ஒரு கிரெடிட் என்றால் வகுப்பும் வீட்டுப்படிப்பும் சேர்த்து சுமார் 45 மணி நேரம். 3 கிரெடிட் பாடம் 135 மணி நேரம். அதை 15 வாரப் பருவத்தில் பிரித்தால் வாரம் 9 மணி நேரம், சமாளிக்கலாம். "வேலை பார்ப்பவர்களுக்காகவே" என்று விளம்பரம் செய்யும் 8 வார வேகப் பாடத்தில் பிரித்தால் வாரம் ஏறக்குறைய 17 மணி நேரம் வருகிறது, வேலை பார்ப்பவர்களுக்கு இது எந்த வகையில் வசதி என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஒரே சமயத்தில் இரண்டு வேகப் பாடம் எடுக்கவே எடுக்காதீர்கள்.

உங்கள் ஆபீஸில் காலாண்டு முடிவு, ஆண்டு முடிவு, வரித் தாக்கல் எப்போது வருகிறது என்று காலண்டரில் குறித்துவிட்டு அதன்மேல் பாடங்களை வையுங்கள். தரவுப் பாடத்தை நெருக்கடி மாதத்தில் வைக்கக் கூடாது. ஏதோ ஒரு தேதி வடிவம் ஒட்டாமல் இரவு முழுக்கப் போய்விடும். சட்டப் பாடம் படிப்பு வேலை, பேருந்தில் போகும்போதுகூட நகரும், அதை அந்த மாதங்களுக்கு ஒதுக்கலாம்.

ஆபீஸில் எப்படிச் சொல்வது

கட்டணத்தில் ஒரு பங்கை நிறுவனம் கொடுக்க வாய்ப்பு உண்டு. "திருடர்களைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்று மேலாளரிடம் போய் நிற்காதீர்கள், மிரண்டுவிடுவார்கள். வெண்டர் பணப்பட்டுவாடாவில் இருக்கும் கட்டுப்பாட்டு ஓட்டைகளைச் சோதிக்க வெளியாட்களுக்குக் கொடுக்கும் வேலையில் ஒரு பகுதியை நாமே செய்யலாம் என்று சொல்லுங்கள். பணம் கொடுத்தால் எத்தனை வருடம் இருக்க வேண்டும், நடுவில் போனால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற பத்திரத்தை வரிக்கு வரி படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம் ரொம்ப முக்கியமான ஒன்று. அசைன்மென்ட்டுக்காக ஆபீஸ் தரவை வீட்டு லேப்டாப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். பெயரை அழித்துவிட்டேன் என்பதெல்லாம் செல்லாது. இரண்டாவது வாரத்திலேயே எல்லோருக்கும் பக்கத்து மேஜைக்காரர் மேல் சந்தேகம் வரும், அதுவும் இந்தப் படிப்பின் ஒரு பக்கவிளைவு. ஆனால் யாரும் ஒப்படைக்காத விசாரணையை நீங்களாகத் தொடங்கினால், உண்மையிலேயே அங்கே மோசடி இருந்தாலும், ஆதாரத்தை எடுத்த விதமே தவறாகிப்போய் வழக்கு கெடும், வேலையும் போகும். சந்தேகம் வந்தால் புகார் வழியில் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். பயிற்சிக்குத் தரவு வேண்டுமென்றால், கணக்கு மோசடியில் திவாலான அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் ஊழியர்களுடைய மின்னஞ்சல் தொகுப்பு இருக்கிறது. அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் விசாரணையின்போது வெளியிட்டது, சுமார் 5 லட்சம் மின்னஞ்சல்கள், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

படிக்கும்போது எதில் உயிரைக் கொடுக்க வேண்டும்

ஒரு மாதிரி அசைன்மென்ட்டை வைத்துச் சொல்கிறேன். உங்களிடம் மூன்று கோப்புகள்: வெண்டர் பட்டியல், பணம் கொடுத்த பட்டியல், ஊழியர் பட்டியல். நிறுவனத்தில் 50,000-க்கு மேல் போனால் இரண்டாவது கையெழுத்து வேண்டும். பட்டுவாடாக்களை வடிகட்டினால் ஒரு வெண்டருக்கு 49,200, 48,750, 49,900 என்று போயிருக்கிறது. அந்த பில்களின் எண்கள் 17, 18, 19. தேதிகளுக்கு நடுவே மாதக் கணக்கில் இடைவெளி, ஆனால் பில் எண் அடுத்தடுத்து வருகிறது. அதாவது அந்தக் கம்பெனிக்கு இத்தனை மாதத்தில் வேறு வாடிக்கையாளரே இல்லை போலிருக்கிறது. வெண்டரின் வங்கிக் கணக்கு எண்ணை ஊழியர் பட்டியலோடு ஒப்பிட்டால், கொள்முதல் பிரிவில் இருக்கும் ஒருவரின் சம்பளக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது.

இதுவரை கிட்டத்தட்ட எல்லா மாணவரும் வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எழுதுவதில்தான் வித்தியாசம் தெரியும். "இந்த ஊழியர் போலி நிறுவனம் நடத்திப் பணத்தைத் திருடியிருக்கிறார்" என்று எழுதினால் பூஜ்யம். "இணைப்பு 2-ல் உள்ள மூன்று பட்டுவாடாக்களும் சேர்ந்து 1,47,850, மூன்றும் ஒரே வங்கிக் கணக்கில் வரவாகியுள்ளன, அந்தக் கணக்கு எண் இணைப்பு 3-ல் உள்ள ஊழியர் பதிவின் சம்பளக் கணக்கு எண்ணோடு ஒன்றாக உள்ளது, இந்த பில்களுக்கு எதிராகப் பொருள் வந்ததற்கான ரசீது, எங்களுக்குத் தரப்பட்ட ஆவணங்களில் இல்லை" என்று எழுத வேண்டும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சரிபார்க்க முடியும், எங்கேயும் தீர்ப்பு இல்லை. சான்றளிக்கப்பட்ட மோசடி ஆய்வாளர்களுக்கான சர்வதேச அமைப்பான ஏ.சி.எஃப்.இ.யின் நெறிமுறையே, ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று ஆய்வாளர் கருத்துச் சொல்லக் கூடாது என்கிறது. அந்தக் கடைசி வாக்கியத்தில் "எங்களுக்குத் தரப்பட்ட ஆவணங்களில்" என்ற சொற்களைக் கவனியுங்கள். அவை இல்லாவிட்டால், நாளைக்கு யாராவது ஒரு ரசீதோடு வந்து நின்றால் உங்கள் அறிக்கை முழுவதும் ஆட்டம் காணும்.

இதே மாதிரி, வரம்புக்குக் கீழே ஒளிந்துகொள்வது சின்ன ஊழியர்கள் மட்டும் செய்வதில்லை. 2003-ல் அம்பலமான, ஹெல்த்சவுத் என்ற அமெரிக்க மருத்துவச் சேவை நிறுவனத்தின் மோசடியில், ஆடிட்டர்கள் 5,000 டாலருக்குக் குறைவான பதிவுகளைச் சோதிப்பதில்லை என்று தெரிந்துகொண்டு, பெரிய பொய்த் தொகைகளை அதற்குக் கீழே துண்டு துண்டாக வெட்டிப் பதிந்தார்கள். அதனால் எந்தக் கேஸைக் கையில் எடுத்தாலும், இந்த இடத்தில் யார் எந்தத் தொகைக்கு மேல் பார்க்கிறார்கள் என்பதை முதலில் கேட்டுவிட்டு, அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே கூட்டம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வெளி ஆதாரம் பற்றிய வகுப்பையும் தவறவிடாதீர்கள். 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற ஐ.டி. நிறுவனத்தின் தலைவர் தானே எழுதிக்கொடுத்த கடிதத்தின்படி, புத்தகத்தில் இருந்த ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லவே இல்லை. 2020-ல் வயர்கார்டு என்ற ஜெர்மன் பணப்பரிமாற்ற நிறுவனத்தில் 1.9 பில்லியன் யூரோ இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இரண்டிலும் பாடம் ஒன்றுதான்: வங்கி இருப்பை வங்கியிடமே, நீங்களே தேடி எடுத்த முகவரியில், நேரடியாகக் கேட்க வேண்டும். நிறுவனம் கையில் கொடுக்கும் தாள் எவ்வளவு அழகாக அச்சடித்திருந்தாலும் அது நிறுவனத்தின் தாள்தான்.

டிஜிட்டல் ஆதாரத்தில் ஆழமாகப் போகத் தேவையில்லை, அதற்கென்று வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு கோப்பைக் கையில் வாங்கியதும் அதன் ஹாஷ் மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிட்டுத் தரும், கைரேகை மாதிரியான ஒரு குறியீடு) எடுத்துக் குறித்துவைப்பது, மூலத்தைத் தொடாமல் நகலில் வேலை செய்வது, யார் எப்போது யாரிடம் கொடுத்தார்கள் என்ற கைமாற்றுப் பதிவை எழுதுவது, இந்த மூன்றும் கைப்பழக்கமாக வேண்டும். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் முற்றிலும் வேறாகிவிடும், ஆகவே யாராவது பிறகு "நீங்கள் மாற்றிவிட்டீர்கள்" என்றால் காட்டுவதற்கு உங்களிடம் பதில் இருக்கும்.

மாதிரி நீதிமன்றப் பயிற்சி இருந்தால் கூச்சப்படாமல் முதல் ஆளாகப் பெயர் கொடுங்கள். "தெரியாது" என்ற பதிலை விளக்கம் சேர்க்காமல் சொல்லப் பழகுவதற்கே அது வேண்டும்.

படித்து முடித்த பிறகு

சர்டிஃபிகேட் என்பது பல்கலைக்கழகம் தருவது. அதற்கு மேல் தொழில்முறைத் தகுதி தனி. உலகம் முழுக்கத் தெரிந்தது சி.எஃப்.இ. (சான்றளிக்கப்பட்ட மோசடி ஆய்வாளர்), மேலே சொன்ன ஏ.சி.எஃப்.இ. அமைப்புதான் தருகிறது. அந்த அமைப்பு 1988-ல் ஜோசப் வெல்ஸ் தொடங்கியது. தேர்வோடு, தொடர்புடைய துறையில் இரண்டு வருட அனுபவமும் கேட்பார்கள். ஆடிட், கணக்கு, சட்டம், விசாரணை போன்ற வேலைகள் இதில் சேரும், ஆகவே உங்கள் பழைய வருடங்கள் வீணில்லை. சி.எஃப்.எஃப். என்ற நிதித் தடயவியல் தகுதி, அமெரிக்காவில் உரிமம் பெற்ற கணக்காளர்களான சி.பி.ஏ.க்களின் அமைப்பு தருவது, முக்கியமாக சி.பி.ஏ.க்களுக்கானது. பாடங்கள் மனதில் சூடாக இருக்கும்போதே, கடைசிப் பருவம் முடிந்த சில மாதங்களுக்குள் தேர்வை எழுதிவிடுவது புத்திசாலித்தனம்.

வேலை மாற்றத்தை வெளியே தேடுவதற்கு முன்னால் உள்ளேயே பாருங்கள். ஏ.சி.எஃப்.இ.யின் 2024 அறிக்கையில், ஆராய்ந்த ஊழியர் மோசடி வழக்குகளில் 43 சதவீதம் யாரோ கொடுத்த துப்பால்தான் வெளியே வந்தன, துப்புக் கொடுத்தவர்களில் பாதிக்கு மேல் ஊழியர்களே. ஆகவே உங்கள் நிறுவனத்தில் புகார்த் தொலைபேசி, புகார் மின்னஞ்சல் இருந்தால், வருகிற புகார்களை முதலில் படித்து எது விசாரணைக்குத் தகுதி என்று பிரிக்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் யாரும் விரும்பி எடுக்காத வேலை அது. முக்கால்வாசி மேலதிகாரி மேல் இருக்கிற கோபமாகத்தான் இருக்கும், ஆனால் மீதிக் கால்வாசியில் உங்கள் முதல் கேஸ் இருக்கும்.

வெளியே நேர்காணலுக்குப் போகும்போது பாடங்களின் பட்டியலைச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். கோர்ஸில் எழுதியதிலேயே நல்ல அறிக்கை ஒன்றை, கற்பனைத் தரவில் செய்தது என்று முதல் பக்கத்திலேயே குறிப்பிட்டு, ஆறேழு பக்கத்துக்குச் சுருக்கி, இணைப்புகளோடு தயாராக வைத்திருங்கள். நேர்காணல் செய்பவர் அனுபவசாலியாக இருந்தால் அதைப் புரட்டிவிட்டு ஏதாவது ஒரு இணைப்பைக் காட்டி, "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார். மூலக் கோப்பின் பெயர், வரிசை எண், எடுத்த தேதி வரைக்கும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.